கிளச்சு பாய்

"கையக் காட்டு," என்கிறார் கமாலுதீன். வண்டியை ஓரங்கட்டி இன்னும் ஸ்டாண்டுகூடப் போடாத ஆள் திருதிருவென்று விழிக்கிறார். "சோத்துக்கை இல்ல நைனா, எடது கை. ஜோசியமா பாக்கப் போறேன்? கிளச்சு புடிக்கிற கையக் காட்டு."

நீட்டிய கையைத் திருப்பி, விரல்களின் நடுக்கணுவைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். அங்கே தோல் காய்த்துப் போயிருந்தால் வண்டியைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும். சிக்னல், சந்து, பள்ளம் என்று பார்க்கிற இடத்திலெல்லாம் கிளச்சைப் பாதி அமுக்கிக்கொண்டே ஓட்டுகிற ஆசாமி. பிளேட்டைத் தேய்த்தது இந்த விரல்கள்தான். "அரக் கிளச்சுலயே குடித்தனம் நடத்திகினு கீற. பிளேட்டு இன்னா பண்ணும், பாவம்?" என்பார். பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் சிரிப்பார்கள். வந்தவரும் அசடு வழியச் சிரிப்பார். கமாலுதீன் சிரிக்க மாட்டார். தொழில் விஷயத்தில் அவருக்கு விளையாட்டு கிடையாது.

திருவொற்றியூரிலிருந்து மணலிக்குப் போகும் சாலையில், கால்வாய்ப் பாலத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது கடை. பிரேக், கார்புரேட்டர், ஒயரிங் எல்லா வேலையும் செய்கிறவர்தான். ஆனால் ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் கிளச்சு பாய். கடையை இந்த இடத்தில் போட்டதற்குக் காரணமே அந்தப் பாலம். இந்தப் பக்கத்தில் மேடு என்று சொல்லிக்கொள்ளப் பாலங்களை விட்டால் வேறு எதுவும் கிடையாது. சமதரையில் நல்ல பிள்ளையாக ஓடுகிற வண்டி, மேட்டில் பாரத்தோடு ஏறச் சொன்னால்தான் கிளச்சு நழுவுவதைக் காட்டிக்கொடுக்கும். இன்ஜின் அலறும்; சக்கரம் மட்டும் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் மெதுவாகச் சுற்றும்.

கமாலுதீனுக்கு நாற்பத்தெட்டு வயது. மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. கிளச்சு கேபிளின் உள்கம்பியை வளைத்துக் காதாக மாட்டியிருக்கிறார். அதைவிட உறுதியான காது எந்தக் கண்ணாடிக் கடையிலும் கிடைக்காது என்று யார் கேட்டாலும் சொல்வார். வேலை நேரத்தில் கைப்பேசியைக் காலி பால் கவரில் போட்டுச் சுருட்டி ஆணியில் தொங்கவிட்டுவிடுவார். அது அலறினால் பெஞ்சில் இருக்கும் யாராவது எடுத்துப் பேச வேண்டியதுதான். அவருடைய மனைவி காத்தூன் பீவி சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்: தூக்கத்திலும் மனிதர் இடது கையை அமுக்கி அமுக்கி விடுகிறாராம்.

போன புதன்கிழமை மத்தியானம் இரண்டே முக்கால் மணிக்கு ரமாபாய் தன்னுடைய நூறு சிசி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முப்பது வயதிருக்கும். மழைக்கோட்டுக்குள்ளே ஆரஞ்சு நிற வேலைச் சட்டை, ஹேண்டில்பாரில் தொங்கும் மஞ்சள் ஹெல்மெட். வீடு வியாசர்பாடியில். வேலை காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கண்டெய்னர் கிடங்கில், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அந்தக் கிடங்கில் அதை ஓட்டுகிற ஒரே பெண் அவர்தான்.

"முறுக்கனா சத்தம் மட்டும்தான் பாய் வருது, வண்டி போவ மாட்டேங்குது," என்றார். "எங்க வூட்டாண்ட ஒரு கடைல பிளேட்டு மாத்தனேன். நாலு நாளு ஒயுங்கா ஓடுச்சு. மறுபடி அதே கத. கேட்டா, லேடீஸு ஓட்டனா கிளச்சு இப்டித்தான் போவும்னு சொல்றாரு."

"கையக் காட்டும்மா."

ரமாபாய் இடது கையை நீட்டினார். பெண்கள் வந்தால் கமாலுதீன் தொடாமல், குனிந்து கண்ணால் மட்டும் பார்ப்பார். விரல் கணுக்களில் காய்ப்பு இல்லை. காய்ப்பெல்லாம் உள்ளங்கையின் நடுவில், ஃபோர்க்லிஃப்ட்டின் ஸ்டியரிங் குமிழைப் பிடித்துச் சுழற்றுகிற இடத்தில், வட்டமாக இருந்தது.

"இது கிளச்ச வதைக்கிற கை இல்ல," என்றார் பெஞ்சுக்கும் கேட்கும்படி. "அந்தாளு கெடக்கறான். தங்கச்சி மேல தப்பு கெடையாது. எப்ப வண்டி வோணும்?"

"இன்னிக்கே வோணும் பாய்." ரமாபாய் அப்போதுதான் விஷயத்துக்கு வந்தார். "கேட்டாண்ட வெரல் வெக்கற மிசினு கீது. காலைல ஆறு தாண்டி வெச்சா செவப்பு லைட்டு எரியும். மாசத்துல மூணு செவப்பு உயுந்தா கேட்டு பாஸு போச்சு, வேலையும் போச்சு. டேங்கர் லாரிங்க பின்னாலயே ஊந்துகினு போயி எனக்கு ரெண்டு உயுந்துடுச்சு. அந்த சீட்டுல ஒக்காரத்துக்குப் பத்து பேரு வரிசைல நிக்கிறான்."

நாளைக் காலை நாலே முக்காலுக்கு வியாசர்பாடியிலிருந்து கிளம்பியாக வேண்டும். அந்த நேரத்துக்குக் காட்டுப்பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிற பஸ் எதுவும் இல்லை. கமாலுதீன் வேறொன்றும் கேட்கவில்லை. "ஒக்காரு, பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு, காதில் செருகியிருந்த தீக்குச்சியை எடுத்தார்.

கிளச்சு லீவரின் அடியில் இருக்கும் சந்தில் அந்தத் தீக்குச்சியை நுழைத்துப் பார்ப்பது அவருடைய முதல் சோதனை. குச்சியே நுழையாவிட்டால் கேபிள் இறுக்கம். கையே வைக்காதபோதும் கிளச்சு பாதி அமுங்கியபடி இருக்கும், நழுவத்தான் செய்யும். இரண்டு குச்சி நுழைந்தால் தளர்வு. ரமாபாயின் வண்டியில் ஒரு குச்சி அளவாக நுழைந்து நின்றது. கேபிளைக் குற்றம் சொல்ல வழியில்லை.

அடுத்தது பாலம். இந்தச் சோதனைக்கு வேண்டிய கருவி பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தது. பெயர் சௌக்கத் அலி, எடை எண்பத்தைந்து கிலோ. ஆம்னி வேனில் கல்யாண வீடுகளுக்கு பிரியாணி அண்டா ஏற்றிப் போகிறவர், கமாலுதீனுக்குப் பள்ளிக்கூடத்து தோஸ்து. வேலையில்லாத மத்தியானங்களில் வேனை மரத்தடியில் நிறுத்திவிட்டு இங்கேதான் பொழுதைப் போக்குவார். "ஏறு மாமு," என்றால் எதற்கு என்று கேட்காமல் பின்னால் ஏறிக்கொள்வார்.

பாலத்தின் அடிவாரத்தில் மூன்றாவது கியர். கமாலுதீன் ஆக்சிலேட்டரை முறுக்கினார். இன்ஜின் தொண்டை கிழியக் கத்தியது. வண்டியோ மாட்டு வண்டிக்கு வழிவிடுகிற வேகத்தில் ஊர்ந்தது. பின்னால் வந்த டேங்கர் லாரிக்காரர் ஹாரனை அமுக்கிக் காதைக் கிழித்தார். பாலத்தின் பாதியிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

"ஸ்பிரிங்கு செத்துப் போச்சு," என்று இறங்கும்போதே அறிவித்தார் கமாலுதீன். "பிளேட்டு மாத்தனவன் பழைய ஸ்பிரிங்கயே போட்டுகீறான். பிளேட்ட அமுக்கறதுக்கு அதுக்குத் தெம்பு இல்ல. எழுதி வெச்சிக்கோ."

எண்ணெயை வடித்தார். கிக்கரைக் கழற்றினார். பக்கவாட்டு மூடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து துளைகளில் அதே வரிசையில் செருகிவைத்தார். நீளமான போல்ட்டும் குட்டை போல்ட்டும் இடம் மாறினால் உள்ளே மரை போய்விடும் என்பதால், இந்த அட்டை இல்லாமல் அவர் மூடியைத் திறந்ததே கிடையாது. பிறகு கிளச்சைக் கழற்றி, நாலு ஸ்பிரிங்கையும் கண்ணாடிப் பலகையின் மேல் வரிசையாக நிறுத்தினார். புதிய ஸ்பிரிங் ஒன்றை அவற்றின் பக்கத்தில் வைத்தார்.

ஐந்தும் ஒரே உயரம்.

நார் பிளேட்டுகளை வெர்னியரில் பிடித்துக் கனம் பார்த்தார். தேய்மானமே இல்லை. இரும்புத் தகடுகளைக் கண்ணாடியின் மேல் படுக்கவைத்து விளிம்பைத் தட்டினார். ஆடவில்லை; வளைவு கிடையாது, சூட்டில் நீலம் பாய்ந்த தடமும் கிடையாது. கையில் தப்பில்லை, கேபிளில் தப்பில்லை, பிளேட்டில் தப்பில்லை. ஆனாலும் நழுவுகிறது.

"இன்னா மாமு," என்றார் சௌக்கத் அலி, "எழுதி வெச்சத அழிச்சிடலாமா?"

கமாலுதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றித் துடைத்தார். ரமாபாய் கைப்பேசியில் மணியைப் பார்த்தார். நாலு அடித்திருந்தது. இந்தக் கடையில் யாரும் கேட்டறியாத ஒரு வார்த்தை அப்போது கமாலுதீன் வாயிலிருந்து வந்தது.

"தெர்ல," என்றார். ரமாபாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப தெர்ல. இரு, கண்டுபுடிச்சிடலாம்," என்று சேர்த்துக்கொண்டார். அவர் குரலில் ஒரு குறையும் இல்லை. தெரியாது என்பதையும் அவர் தைரியமாகத்தான் சொல்வார் போலிருக்கிறது.

ஒரு நார் பிளேட்டையும் ஓர் இரும்புத் தகட்டையும் எடுத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே சேர்த்து அழுத்தித் திருகினார். எண்ணெய் ஈரத்திலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டியவை அவை. இவை வழுக்கிக்கொண்டு போயின. திரும்ப அழுத்தினார். திரும்ப வழுக்கின. சட்டென்று குனிந்து, வடித்துவைத்த எண்ணெயில் விரலைத் தோய்த்துக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார்.

"இன்னா எண்ணெம்மா இது? இம்மாம் வழவழன்னு கீது?"

அன்றைக்கு முதல் தடவையாக ரமாபாயின் முகம் மலர்ந்தது.

"ஒசத்தி எண்ணெ பாய். எங்க வூட்டுக்காரரு கம்பெனி எண்ணெ."

அவருடைய கணவர் வரதனுக்கு மணலியில், கார்களுக்கான எண்ணெய் கலந்து கேனில் அடைக்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. பதினோரு வருடம் ஒப்பந்தத் தொழிலாளி. ஆயுத பூஜை வந்தால் எல்லாருக்கும் பொரியும் இனிப்பும் கொடுப்பார்கள். நிரந்தரமானவர்களுக்கு மட்டும் அதோடு மூன்றரை லிட்டர் எண்ணெய்க் கேன் ஒன்று. இந்த வருடம்தான் வரதனை நிரந்தரமாக்கினார்கள். இந்த வருடம்தான் அந்தக் கேன் வீட்டுக்கு வந்தது.

"எங்க வூட்ல பூச கீச ஒண்ணும் கெடையாது பாய், நாங்க பௌத்தம்," என்றார் ரமாபாய் சிரித்துக்கொண்டே. "ஆனா அந்தக் கேனுக்கு மட்டும் பூ வெச்சாரு. எங்காளு பெருமய பாக்கணுமே! மறாநாளே என் வண்டி எண்ணெய வடிச்சிட்டு இத்த ஊத்தனாரு. பிளேட்டு மாத்த சொல்ல, அந்தக் கடக்காரரு வேற எண்ணெ ஊத்தப் போனாரு. இவரு வூட்டுக்கு ஓடிப்போயி கேன எடுத்தாந்து, இதத்தான் ஊத்தணும்னு நின்னுட்டாரு."

கமாலுதீனுக்கு விளங்கிவிட்டது. வழக்கமாகக் காரணம் பிடிபட்டதும் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு கனைப்பு வரும். இன்று வரவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எண்ணெ நல்ல எண்ணெதாம்மா. வந்து சேந்த எடம் தப்பு. காருல கிளச்சு தனி ரூம்புல காஞ்சு கெடக்கும். இன்ஜினுக்கு எவ்ளோ வழவழன்னு ஊத்தனாலும் அதும் மேல படாது. இந்த வண்டில ஒரே ரூம்புதான். இன்ஜினு, கியரு, கிளச்சு மூணும் ஒரே எண்ணெல குளிக்குது. இன்ஜினுக்கு வழுக்கணும், கிளச்சுக்குப் புடிக்கணும். அதுக்குன்னு டூவீலர் எண்ணெ தனியா கீது. நீ ஊத்தனது எல்லாத்தையும் வழுக்க வெச்சிடுச்சு."

ரமாபாயின் சிரிப்பு நின்றது.

"அவரு வந்துகினு கீறாரு பாய். ஷிப்டு முடிஞ்சதும் வூட்டுக்குப் போயி, மீதி எண்ணெய எடுத்துகினு வரச் சொல்லிட்டேன்." பிறகு இன்னும் கிட்ட வந்தார். "அவராண்ட இத்த சொல்லாதீங்க. ஸ்பிரிங்குதான் போச்சுன்னு சொல்லிடுங்க பாய்."

ஸ்பிரிங் என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நல்லது. முதலில் கமாலுதீன் சொன்ன வாக்கும் பலித்ததாகிவிடும். சௌக்கத் அலியின் வாயையும் அடைத்துவிடலாம்.

"ஸ்பிரிங்குன்னு சொன்னா, அவரு மறுபடி இத்தயேதான் ஊத்துவாரு," என்றார். "மறுபடி செவப்பு லைட்டு எரியும். உன் பாஸ யாரு தருவா?"

கமாலுதீன் பேச்சை நிறுத்திவிட்டு வேலையில் இறங்கினார். பிளேட்டுகளைப் பெட்ரோலில் அலசினார். துடைத்துவிட்டு மறுபடி அலசினார். இரும்புத் தகடுகளின் மழமழப்பு போகும்வரை எமரித் தாளைப் போட்டு வட்ட வட்டமாகத் தேய்த்தார். பிறகு நார் பிளேட்டுகளைத் தட்டில் பரப்பி, டூவீலர் எண்ணெயை முழுகும்படி ஊற்றினார்.

"ஒரு மணி நேரம் ஊறட்டும்."

"அர மணி நேரம் போதாதா பாய்?"

"பத்தாதும்மா. சொம்மா காஞ்ச பிளேட்ட போட்டா கருகிப் பூடும். உன் அவசரம் எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் சொல்றேன்."

பிளேட்டுகள் ஊறுகிற நேரத்தில் இன்ஜினுக்குள்ளே ஒட்டியிருந்த பழைய எண்ணெயை வழித்தெடுத்தார். மூடியின் விளிம்பில் ஒட்டிக்கிடந்த பழைய பேக்கிங்கைப் பிளேடால் சுரண்டினார். ஐந்தே முக்காலுக்கு எல்லாவற்றையும் பூட்டினார். புதிய எண்ணெய் ஊற்றிச் சற்று நேரம் ஓடவிட்டு, வழவழப்பு மிச்சம் மீதி இருந்தால் அதோடு போகட்டும் என்று அதையும் வடித்தார். இரண்டாம் முறை ஊற்றுவதற்கு எண்ணெயை எடுக்கும்போது ஷேர் ஆட்டோவிலிருந்து வரதன் இறங்கினார். ஒல்லியான, நெட்டையான மனிதர். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. துணிப்பையிலிருந்து கேனை எடுத்து, அடியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு பெஞ்சின் மேல் வைத்தார்.

"இத்த ஊத்துங்க பாய்," என்றார். "இந்த எண்ணெ வெளில எங்கயும் சுளுவா கெடைக்காது."

ரமாபாய் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கமாலுதீன் சுற்றி வளைக்கவில்லை. மனைவியிடம் சொன்னதையே, அதே அடங்கிய குரலில், ஒன்றும் குறைக்காமல் கணவரிடமும் சொன்னார். சொல்லி முடித்து, பெட்ரோலில் அலசாமல் எடுத்துவைத்திருந்த ஒரு நார் பிளேட்டையும் தகட்டையும் அவர் கையில் கொடுத்துத் திருகிப் பார்க்கச் சொன்னார். வரதன் திருகினார். வழுக்கியது. வேலை தெரிந்த மனிதர். அதற்கு மேல் அவருக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. முகத்தில் ஈயாடவில்லை.

"கேன் மேல கார் படம் போட்டுகீது," என்றார் கடைசியில். "தெனம் ஆயிரம் கேனுக்கு மேல அந்தப் படத்தத்தான் ஒட்டறேன் பாய். என் வூட்டுக் கேன்ல அத்த நான் பாக்கவே இல்ல."

கமாலுதீன் சரியான எண்ணெயை அளந்து ஊற்றி, வண்டியை வெளியே இறக்கினார். அலசாமல் வைத்த பிளேட்டுக்கும் தகட்டுக்கும் பதிலாகப் புதியவை போட்டிருந்தார். "நீ ஓட்டும்மா. அவர பின்னால ஏத்திக்கோ. பாலத்துல மூணாவது கியருல முறுக்கு."

இருவரும் கிளம்பினார்கள். கமாலுதீன் கடை வாசலிலேயே நின்றார். மழைக்கு முந்திய இருட்டில் பாலம் சரியாகத் தெரியவில்லை. அவருக்குத் தெரியவும் தேவையில்லை. காது போதும். சத்தம் ஏறியது. ஏறிய சத்தம் அந்த இடத்திலேயே நின்று கத்தாமல், வேகத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு தூரத்தில் போய் மெலிந்தது. லாரி ஹாரன் ஒன்று ஒலித்தது, வண்டிக்குப் பின்னாலிருந்து ஒலித்தது. அப்படியானால் முந்திவிட்டார்கள்.

"ஸ்பிரிங்கு இல்ல மாமு," என்றார் சௌக்கத் அலியிடம். "எழுதனத அழிச்சிக்கோ."

திரும்பி வந்த ரமாபாய் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "இயுக்குது பாய்! ரெண்டு பேர வெச்சிகினு டேங்கர தாண்டிச்சு! நாளைக்கு அஞ்சரைக்கெல்லாம் கேட்டாண்ட நிப்பேன், பாருங்க," என்றார். கண் கலங்கியிருந்தது, அதை ஹெல்மெட்டுக்குள் மறைத்துக்கொள்ளவும் அவர் முயலவில்லை.

வரதன் இறங்கினார். பெஞ்சிலிருந்த கேனைத் தூக்கிக்கொண்டு கடையின் மூலைக்கு நடந்தார். கழிவெண்ணெய் டிரம் அங்கேதான் இருந்தது.

"இது இன்னும் வூட்ல இருந்தா, அவ பாஸ காவு வாங்காம உடாது," என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திருகித் திறந்து, கேனைச் சாய்க்கப் போனார். கமாலுதீன் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இன்னா காரியம் பண்ற நீ? பதினோரு வருசம் கயிச்சு வந்தத டிரம்முல ஊத்துவியா?" பிடித்த கையை விடாமல் திரும்பி, "சௌக்கத்து! வேன் சீட்ட தூக்கு," என்று குரல் கொடுத்தார்.

ஆம்னி வேனுக்கு இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில். சௌக்கத் அலி ஏன், எதற்கு என்று கேட்காமல் சீட்டைத் தூக்கினார். கமாலுதீன் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்து, வரதனின் கண்ணுக்கு நேரே பிடித்தார். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது.

"பாத்தியா? காரு எண்ணெய்க்குத்தான் இது தவிச்சிகினு கெடக்குது."

வரதன் கேனை அவரிடம் நீட்டினார். கமாலுதீன் வாங்கவில்லை.

"உன் எண்ணெ. நீ ஊத்து."

சொல்லிவிட்டுப் புனலை எடுத்தார். கையிலிருந்த கிரீஸ் துணியை ஒரு பார்வை பார்த்துத் தூர வீசிவிட்டு, தன் சட்டை நுனியால் புனலின் உட்புறத்தைத் துடைத்தார். அதை இன்ஜின் வாயில் செருகி, ஒரு சொட்டும் வெளியே சிந்தாதபடி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.